கட்டுநாயக்கவிலிருந்து சீனக்குடாவுக்கு ஜெட் டாக்ஸி ஓடுமா?

திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளியில் சின்னதாக ஒரு விருந்தினர் விடுதி நடத்துவதாகச் சொல்லி நீங்கள் கேட்டிருப்பது இது: வெளிநாடுகளில் நாலைந்து பேர் மட்டும் ஏறும் குட்டி ஜெட் விமானங்கள் வந்துவிட்டன, எரிபொருளும் அதிகம் குடிப்பதில்லையாம், டாக்ஸி மாதிரிக் கூப்பிட்ட நேரத்துக்கு வருமாம்; அது திருகோணமலைக்கு எப்போது வரும், ஓராளுக்கு எவ்வளவு காசு முடியும்? கேள்வியைத் திரும்ப வாசித்தபோது, அதற்குள் வேறொரு கேள்வி இருப்பதாகப் பட்டது. உங்கள் விருந்தினர்கள் கட்டுநாயக்க சர்வதேச விமான நிலையத்தில் இறங்கி, குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று ஆறு மணித்தியாலம் வான் வண்டியில் குலுங்கி வந்து, முதல் நாளைப் படுக்கையில் கழிக்கிறார்கள். அந்த ஆறு மணித்தியாலத்தைக் குறைக்க வழி உண்டா என்பதுதான் உங்கள் கவலை. ஜெட் டாக்ஸி ஒரு விடயம், உங்கள் விருந்தினரின் முதல் நாள் இன்னொரு விடயம். இரண்டுக்கும் பதில் ஒன்றாக வராது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நான் விமானி அல்ல. வளைகுடாவில் வாடகை விமானங்கள் ஓட்டும் ஒரு கம்பனியின் இயக்கப் பிரிவில் பல வருடங்கள் மேசையில் இருந்தவன். எந்த விமானம் எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும், எந்த விமானிக்கு ஓய்வு நேரம் முடிந்துவிட்டது, போன விமானம் எப்படித் திரும்பி வரும் என்பதெல்லாம்தான் என் வேலை. ஆகவே விமானத்தை வாங்கி ஓட்டினால் பணம் எங்கே கரைகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கட்டணத்தையும் வரியையும் தீர்மானித்தது வேறு ஆட்கள். இந்தப் பதிலில் ரூபாய்க் கணக்கு எதுவும் வராததற்கு அதுதான் காரணம்.

சரி, முதலில் ஜெட். இந்தக் கதை 1990களின் பிற்பகுதியில் தொடங்குகிறது. சின்ன விமானங்களுக்கு மலிவான, பாரம் குறைந்த எஞ்சின் வேண்டும் என்று நாசா ஒரு திட்டம் வைத்தது. எஞ்சின் செய்யும் வில்லியம்ஸ் நிறுவனம் அதில் சேர்ந்து டர்போஃபேன் என்ற வகையில் ஒரு குட்டி ஜெட் எஞ்சினை உருவாக்கியது. அதை நம்பித்தான் 1998இல், மைக்ரோசொஃப்டில் முன்பு வேலை பார்த்த வெர்ன் ராபர்ன் என்பவர் எக்லிப்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் செய்யப்போன ஜெட்டுக்கு இரண்டு எஞ்சின், ஆறு பேர் உட்காரும் இடம், விலை 10 இலட்சம் டொலருக்குக் கீழே. அன்றைக்கு அதன் மூன்று நான்கு மடங்கு கொடுக்காமல் புது ஜெட் எதையும் தொட முடியாது. பேச்சு பெரிதாக இருந்தது. எஞ்சின்தான் காலை வாரியது. 40 கிலோகூட இல்லாத அந்த எஞ்சினோடு 2002இல் ஒரு தரம் பறந்து பார்த்துவிட்டு அதைக் கைவிட்டார்கள். பிராட் அன்ட் விட்னி கனடாவின் எஞ்சினுக்கு மாறியதில் விமானம் கனத்தது, விலை ஏறியது, வருடங்களும் போயின. அமெரிக்கச் சான்றிதழ் கிடைத்தது 2006இல். அதே மாதத்தில் செஸ்னாவின் சைட்டேஷன் மஸ்டாங்கும் சான்றிதழ் பெற்றது. 2008இல் எம்ப்ரேயரின் ஃபெனோம் 100, 2015இல் ஹொண்டாஜெட், 2016இல் ஒற்றை எஞ்சினோடு, முழு விமானத்தையும் தாங்கி இறக்கும் பரசூட்டும் வைத்த சிரஸ் விஷன் ஜெட் என்று வரிசை நீண்டது.

ஆக, விமானங்கள் வந்தது உண்மை. மஸ்டாங்கில் மட்டும் 400க்கு மேல் செய்தார்கள். ஓடுபாதை ஒரு கிலோமீட்டர் அளவு இருந்தாலே பலவற்றுக்குக் காணும். 40,000 அடி உயரத்தில் எக்லிப்ஸ் குடிக்கும் எரிபொருள், அதைவிடப் பழைய ஜெட்டுகள் குடித்ததில் பாதிக்கும் குறைவு. இதில் சந்தேகம் இல்லை. சந்தேகம் வருவது டாக்ஸி என்ற இடத்தில்.

அந்த டாக்ஸியை நேர்மையாக முயன்று பார்த்தவர்கள் டேஜெட் என்ற புளோரிடா நிறுவனத்தார். சிட்ரிக்ஸ் மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் இயாகபூச்சிதான் அதை நடத்தினார். 2007 ஒக்டோபரில் பயணிகளை ஏற்றத் தொடங்கினார்கள். அவர்களுடைய யோசனை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். விமானத்தை முழுசாக வாடகைக்கு எடுக்கத் தேவையில்லை, ஒரு ஆசனம் காணும். நீங்கள் போகவேண்டிய நேரத்தைக் கொஞ்சம் தளர்த்திச் சொன்னால் விலை குறையும், இறுக்கிச் சொன்னால் கூடும். நேரம் தளர்வாக இருந்தால் கம்பியூட்டர் உங்களை இன்னொருவரோடு சேர்த்து ஏற்றிவிடும். எக்லிப்ஸ் விமானத்தில் இரண்டு விமானிகள், மூன்று பயணிகள். போக்கா ரேட்டன், கெயின்ஸ்வில், டலஹாசி, பென்சகோலா மாதிரி, பெரிய விமானக் கம்பனிகள் சரியாகக் கவனிக்காத ஊர்களை இணைத்தார்கள். ஒரு வருடம் ஆவதற்குள், 2008 செப்டெம்பரில், நிறுத்திவிட்டார்கள். உலகமே பணத்துக்குத் திண்டாடிய நேரம், மேற்கொண்டு முதலீடு கிடைக்கவில்லை. தங்கள் பெரிய வாடிக்கையாளரை இழந்த எக்லிப்ஸ் அதே ஆண்டு நவம்பரில் வங்குரோத்து. அதுவரை விற்றது 260 விமானங்கள் அளவு.

பொருளாதார நெருக்கடிதான் கொன்றது என்று பலர் எழுதுவார்கள். பாதி சரி. மீதிப் பாதி உங்கள் வாசலில் நிற்கிற ஹயர் வான்காரருக்குத் தெரியும். நிலாவெளியிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஆளை ஏற்றிப் போகும் வான்காரர் ஏன் போக வர இரண்டுக்கும் சேர்த்துக் காசு கேட்கிறார்? திரும்பும்போது ரிட்டேர்ன் ஹயர் கிடைக்குமா என்பது அவருக்குத் தெரியாது. கிடைத்தால் அன்றைக்கு லாபம், கிடைக்காவிட்டால் டீசல் காசு கையிலிருந்து. வாடகை விமானத்திலும் அதே கணக்குத்தான், என்ன, டீசலுக்குப் பதில் ஒரு மணித்தியாலத்துக்கு ஆயிரம் டொலர் என்று கரையும். நான் இருந்த மேசையில் எல்லோருடைய தலைவலியும் அதுதான்: காலியாகப் பறக்கும் விமானம். சாதாரண வாடகை விமானத் தொழிலில் மூன்றில் ஒரு பங்கு பறப்பு காலியாகப் போவது ஒன்றும் புதினம் அல்ல. எஞ்சின் எவ்வளவு சிக்கனமானாலும் காலி விமானத்தில் அந்தச் சிக்கனத்தை அனுபவிக்க ஆள் இல்லை. டேஜெட்டின் கணக்கு சரிவர, பக்கத்துப் பக்கத்தில் நிறைய ஊர்கள், நிறைய விமானங்கள், எல்லாத் திசையிலும் நாள் முழுக்க ஓடும் ஆட்கள் வேண்டும். சில ஊர்களோடும் இருபது முப்பது விமானங்களோடும் அந்த வலை பின்னப்படவில்லை.

வலை தானாகவே இருந்த இடங்களில் தொழில் தப்பியது. ஒஸ்திரியாவின் குளோப்எயார் ஒரு நல்ல உதாரணம். மஸ்டாங் விமானங்களை மட்டுமே வைத்து ஐரோப்பா முழுக்க ஓட்டுகிறார்கள். ஜெனீவா, நீஸ், லண்டன், மிலான் என்று பணக்கார ஊர்கள் ஒரு மணித்தியாலத் தூரத்தில் சுற்றிக் கிடக்கின்றன. ஒரு ஊரில் இறக்கினால் அடுத்த ஆள் பக்கத்து ஊரில் நிற்பார். காலியாகத் திரும்பும் பறப்பையும் தள்ளுபடியில் விற்கிறார்கள். இதை டாக்ஸி என்று சொல்வதா, பணக்காரர்களுக்கான மலிவு வாடகை விமானம் என்று சொல்வதா? என்னைக் கேட்டால் இரண்டாவது. சிரஸ் விஷன் ஜெட்டோ 500க்கு மேல் விற்றும், பெரும்பாலும் சொந்தக்காரரே ஓட்டும் விமானமாகவே இருக்கிறது. குட்டி ஜெட் மாற்றியது இதைத்தான்: முன்பு கோடீஸ்வரர்களுக்கு மட்டும் இருந்த வசதி, அதற்கு ஒரு படி கீழே இருப்பவர்களுக்கும் வந்தது. பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர் வரை அது இறங்கவில்லை.

இனி நம்முடைய தீவு. கட்டுநாயக்கவிலிருந்து திருகோணமலையின் விமானத் தளமான சீனக்குடா நேர்கோட்டில் 210 கிலோமீட்டர் அளவு. அந்த வழியில் சினமன் எயார் போன்றவர்கள் ஓட்டுவது செஸ்னா கரவன்: ஒற்றை எஞ்சின், முன்னால் விசிறி, மணிக்கு 340 கிலோமீட்டர் அளவு வேகம். ஓடுபாதைக்கு உருண்டு போவதையும் சேர்த்தால் 50 நிமிடம். மஸ்டாங் மணிக்கு 630 கிலோமீட்டர் போகும், ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் அதற்கும் உருண்டு போகவேண்டும், ஏறவேண்டும், இறங்க வரிசையில் நிற்கவேண்டும். 35 நிமிடம் என்று வையுங்கள். மிச்சம் பிடிப்பது கால் மணித்தியாலம். கட்டுநாயக்கவில் ஒரு பெரிய விமானத்தின் பின்னால் இறங்க வந்தால் அந்தக் கால் மணித்தியாலத்திலும் ஒரு பங்கு போய்விடும். பெரிய விமானத்தின் இறக்கை கிளப்பும் சுழல் அடங்கும்வரை சின்ன விமானத்தைக் கட்டுப்பாட்டுக் கோபுரம் தள்ளித்தான் நிறுத்தும்.

இதைவிட முக்கியமான விடயம் உயரம். ஜெட் எஞ்சின் சிக்கனமாக இருப்பது மேலே, காற்று மெலிந்த 35,000, 40,000 அடியில். அங்கே போய்ச் சேரவே இருபது நிமிடத்துக்கு மேல் எடுக்கும். 210 கிலோமீட்டர்ப் பயணத்தில் பாதி உயரத்துக்கு ஏறியதும் இறங்கத் தொடங்கவேண்டும். விளம்பரத்தில் போடும் எரிபொருள் சிக்கனம் இந்தத் தூரத்தில் கிடைக்காது. கரவனின் எஞ்சின், அதாவது முன்விசிறியைச் சுழற்றும் டர்போபுரொப், பத்தாயிரம் அடியிலேயே நிம்மதியாக ஓடும். அப்புறம், வெளியாட்கள் யோசிக்காத ஒன்று: ஜெட் எஞ்சினுக்குள் சுழலும் சில தட்டுகளுக்கு ஆயுளை மணித்தியாலத்தில் மட்டும் கணக்கிடுவதில்லை, எத்தனை தடவை முடுக்கிப் பறந்து இறங்கினார்கள் என்றும் எண்ணுவார்கள். அரை மணித்தியாலப் பயணமும் ஒரு எண்ணிக்கைதான், இரண்டு மணித்தியாலப் பயணமும் ஒரு எண்ணிக்கைதான். குறுந்தூரம் ஓட்டுகிறவர் எஞ்சினை வேகமாகத் தின்கிறார். கடலோரத்தில் நிறுத்தி வைத்தால் உப்புக் காற்றுக்கு எஞ்சினை அடிக்கடி கழுவவும் வேண்டும். அது கரவனுக்கும் உண்டு, ஆனால் இரண்டு எஞ்சின் என்றால் வேலையும் இரட்டிப்பு.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கரவன் ஒரு மணித்தியாலம் ஓடும் செலவை 100 என்று வைப்போம். குட்டி ஜெட்டுக்கு 180. இந்த விகிதம் என் அனுபவத்தில் வந்த கணிப்பு, எந்தக் கம்பனியின் கணக்குப் புத்தகமும் அல்ல. 50 நிமிடத்துக்குக் கரவன் 83, 35 நிமிடத்துக்கு ஜெட் 105. கரவனில் எட்டுப் பேர் நிறைந்தால் ஓராளுக்குப் பத்துக்குச் சற்று மேல். ஜெட்டில் நான்கு பேர் நிறைந்தால் 26. கால் மணித்தியாலத்துக்காக இரண்டரை மடங்கு. உங்கள் விருந்தினர் இரண்டு பேர் மட்டும் முழு விமானத்தையும் எடுத்தால் கரவனில் ஓராளுக்கு 42 அளவு, ஜெட்டில் 52 அளவு. இங்கே இடைவெளி சுருங்குவதைக் கவனியுங்கள். ஆட்கள் குறையக் குறையச் சின்ன விமானத்துக்கு வாய்ப்புக் கூடும், டேஜெட் நம்பியதும் இதைத்தான். ஆனால் இரண்டு பேருக்காகப் பறந்தால் எந்த விமானமும் மலிவாக வராது. விமானம் காலியாகத் திரும்பினால் இந்த எண்கள் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்குங்கள்.

திருகோணமலைக்குக் காலித் திரும்பல் மற்ற ஊர்களைவிட மோசம். நம்முடைய சீசன் சித்திரைக்குப் பிறகு தொடங்கிப் புரட்டாதி அளவில் முடிந்துவிடும். வாடைக்காற்று மழை பிடித்தால் நிலாவெளியில் பாதி அறை பூட்டு, கூட்டமெல்லாம் பெந்தோட்டை, காலி, மிரிசைப் பக்கம். சீசனுக்குள்ளும் வெள்ளிக்கிழமை எல்லோரும் இங்கே வருவார்கள், ஞாயிறு எல்லோரும் போவார்கள். விமானம் ஒரு திசையில் நிறைந்தும் மறு திசையில் காலியாகவும்தான் ஓடும். அரை வருட வருமானத்தில் முழு வருடத் தவணையும் காப்புறுதியும் விமானிகளின் சம்பளமும் கட்டவேண்டும். விசேட பயிற்சி பெற்ற ஜெட் விமானியைச் சீசன் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பினால் அடுத்த சீசனுக்கு அவர் டுபாயில் இருப்பார்.

ஓடுபாதையைப் பற்றிச் சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். சீனக்குடா ஓடுபாதை இரண்டு கிலோமீட்டருக்கு மேல், குட்டி ஜெட்டுக்கு அது தாராளம். சித்திரை வெயிலில் எஞ்சின் வலு குறைந்தாலும் இடம் மிஞ்சும். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் பாவித்த தளம், 1942 ஏப்ரலில் ஜப்பானியர் குண்டு போட்ட இடம். இன்றைக்கு விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி இருக்கும் முகாம். அதனால் தடை கொங்கிரீட்டில் இல்லை, படலையில் இருக்கிறது. சிவில் விமானம் வர முன்அனுமதி, பயணிகளை உள்ளே எடுக்கப் பாதுகாப்பு நடைமுறை, பயிற்சிப் பறப்புகளுக்கு நடுவில் நேரம் பிடித்தல் என்று ஒவ்வொன்றும் வேலை. கூப்பிட்ட உடன் வருவதுதான் டாக்ஸி. முதல் நாளே பெயர் கொடுத்து அனுமதி எடுக்கவேண்டிய இடத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் குறைவு.

ஜெட்டுக்கு உண்மையிலேயே ஒரு நன்மை இருக்கக்கூடிய இடம் இரவு. கட்டுநாயக்கவில் நள்ளிரவிலும் அதிகாலையிலும் நிறைய விமானங்கள் இறங்குகின்றன. ஒற்றை எஞ்சின் விமானத்தில் சுற்றுலாப் பயணிகளை இருட்டில் காட்டுக்கு மேலால் ஏற்றிவர யாரும் விரும்பமாட்டார்கள், ஆகவே வந்தவர் விடியும்வரை காத்திருக்கவேண்டும். இரண்டு எஞ்சினும் இரண்டு விமானிகளும் முழுக் கருவிகளும் உள்ள ஜெட், இரவில் சீனக்குடா திறந்து விளக்குப் போட்டு வைத்திருந்தால், ஒரு மணிக்கு இறங்கியவரை மூன்று மணிக்குள் திருகோணமலை நகரத்து உவர்மலைக்குக் கொண்டுவந்துவிடும். அந்த ‘திறந்து வைத்திருந்தால்’ நடக்குமா என்பது அரசாங்க முடிவு. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. அதோடு இரவில் தெரு காலி. ஒரு மணிக்கு வெளிக்கிட்ட வான் விடியும் நேரம் நிலாவெளியில் நிற்கும், பயணி பின் சீற்றில் நித்திரை. ஜெட்டுக்கு நிஜமான போட்டி கரவன்கூட அல்ல, அந்த வான்தான்.

தீவுக்கு வெளியே பார்த்தால் கணக்கு மாறும். சீனக்குடாவிலிருந்து சென்னை 500 கிலோமீட்டர், மாலைதீவின் மாலே 970 கிலோமீட்டர் அளவு. இந்தத் தூரங்களில் ஜெட் மேலே ஏறி, அதற்கென்று செய்த உயரத்தில் ஓடும். திருச்சிக்கு, பெங்களூருக்கு, மாலேயில் தங்கிவிட்டு நேரே இங்கு வர விரும்பும் சோடிகளுக்கு என்று ஒரு சின்னச் சந்தை உருவாகலாம். ஆனால் குடிவரவும் சுங்கமும் சீனக்குடாவில் நிலையாக இயங்காதவரை விமானம் கட்டுநாயக்கவிலோ பலாலியிலோ ஒரு தரம் இறங்கித்தான் வரவேண்டும், இறங்கினால் மிச்சம் பிடித்த நேரம் போச்சு. அவசர நோயாளியைச் சென்னைக்குக் கொண்டுபோவதற்குச் சின்ன ஜெட் நல்லதுதானே என்று அடுத்த கேள்வி வரும். வேகம் நல்லது, ஆனால் மஸ்டாங் அளவு விமானத்தின் கதவால் ஸ்ட்ரெச்சரை ஏற்றுவது பெரிய பாடு. அவுஸ்திரேலியாவின் பறக்கும் வைத்திய சேவை, அகலமான சரக்குக் கதவு உள்ள பிலாட்டஸ் பிசி-12ஐ வருடக் கணக்காகப் பாவிப்பதற்கு இது ஒரு காரணம். 2018இல் அதே கம்பனியின் பிசி-24 ஜெட்டையும் எடுத்தார்கள். அது சரளைத் தரையிலும் இறங்கும், கதவும் பெரிது, விலையும் பெரிது.

மின்சார டாக்ஸி விமானம் வந்தால் எல்லாம் மாறிவிடும் என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு கிலோ விமான எரிபொருளில் 12 கிலோவாட் மணி அளவு சக்தி இருக்கிறது. நல்ல பட்டரியில் ஒரு கிலோவுக்கு அதன் நாற்பதில் ஒரு பங்கு. மின்சார டாக்ஸி விமானம் செய்யும் ஜோபி நிறுவனம் தன் விமானத்துக்குச் சொல்லும் தூரமே 160 கிலோமீட்டர். நமக்குத் தேவை 210, அதற்கு மேல் அவசரத்துக்குக் கையிருப்பும் வேண்டும். அதே தொழிலில் இருந்த ஜெர்மனியின் லிலியமும் வோலோகொப்டரும் 2024இல் வங்குரோத்துக்குப் போன செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கட்டுநாயக்க, சீனக்குடா வழிக்கு இதைப் பத்து வருடத்துக்குள் எதிர்பார்க்கவேண்டாம் என்பது என் ஊகம், அந்த ஊகம் பிழையானால் சந்தோஷம்தான்.

ஆகவே உங்களுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, இந்தத் தூரத்துக்கு டர்போபுரொப் விமானத்தை ஜெட் வெல்லாது. ஊகமாகச் சொல்வது, இங்கே டாக்ஸி மாதிரி ஒன்று வந்தால் அது எஞ்சினால் வராது, ஆசனங்களைச் சேர்த்து விற்பதால் வரும். அதற்கு ஜெட் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. நிலாவெளி, உப்புவெளி விடுதிக்காரர் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, எந்தக் கிழமை யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று ஒரே பட்டியலில் போடுங்கள். வெள்ளி வந்த விமானத்திலேயே போகவேண்டிய ஆட்களை ஏற்றி அனுப்ப முடிந்தால், காலித் திரும்பல் என்று உங்களிடம் கேட்கும் காசு குறையும். டேஜெட் கம்பியூட்டரால் செய்ய நினைத்ததை உங்கள் அளவில் வட்ஸ்அப்பில் செய்யலாம்.

விலை கேட்கும்போது மூன்று விடயங்களை எழுத்தில் வாங்குங்கள். விமானம் உங்களிடம் வந்து சேருவதற்கும் திரும்புவதற்கும் தனிக் காசு உண்டா? மழையால் சீனக்குடாவில் இறங்க முடியாமல் திரும்பினால் வான் செலவு யாருடையது? ஓராளுக்கு எத்தனை கிலோ பை? கடைசி விடயத்தில்தான் பெரும்பாலும் சண்டை வரும். சுழியோட வருகிறவர்கள் சிலிண்டர் இல்லாவிட்டாலும் முப்பது கிலோ சாமானோடு வருவார்கள், சின்ன விமானத்தில் நிறையைத் தராசில் போட்டுத்தான் ஏற்றுவார்கள். பெரிய பைகளை முதல் நாளே ஒரு வானிலோ ரயிலிலோ அனுப்பிவிடச் சொல்லுங்கள்.